ரத்தம் கொடுத்தால் ரிப்போர்ட் வரும்

எர்ணாவூர்
ஞாயிறு காலை

அன்பு மகள் மகிழினிக்கு அப்பா எழுதுவது. ஜெய்பீம். நானும் உன் அம்மாவும் தம்பி செங்குட்டுவனும் உடம்பால் நன்றாக இருக்கிறோம், மனசு நன்றாக இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஸ்வீடனில் இந்நேரம் பனி விழ ஆரம்பித்திருக்கும், மூன்று மணிக்கே இருட்டிவிடும் என்பாய், வேளைக்குச் சாப்பிட்டுவிட்டு, காதை மூடிக்கொண்டு போய் வா. அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, அந்த முட்டியோடு போன வாரம் மெட்ரோவில் வண்ணாரப்பேட்டைக்குப் போய் உனக்கு உள்ளே போடுகிற கம்பளிப் பனியன் இரண்டு வாங்கி வந்திருக்கிறாள், அங்கே கிடைக்காததா என்று கேட்டால் என்னை முறைக்கிறாள். தம்பிக்கு கன்டெய்னர் யார்டில் பகல் ஷிப்ட் கிடைத்துவிட்டது. வீட்டுச் செய்தி இவ்வளவுதான். இனி எழுதப்போவதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. போனில் சொன்னால் நீ மறுபடியும் நடுவில் ஏதாவது சொல்வாய், எனக்குத் தலைக்கு ஏறும், அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். காகிதத்தை யாரும் பிடுங்க முடியாது.

எதிர் பிளாக்கின் கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் இசக்கியம்மாளுக்குக் கை முறிந்துவிட்டது என்று போன மாதம் சொன்னேன், நீயும் ஐயோ பாவம் என்றாய். எப்படி முறிந்தது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் கீழே விழவில்லை, யாரும் இடிக்கவில்லை. லாரித் தண்ணீர் பிடித்து ஒரு குடத்தைத் தூக்கினாள், அவ்வளவுதான், தோளுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போய்விட்டது. ஐம்பத்திரண்டு வயசுப் பொம்பளைக்குக் குடம் தூக்கினால் எலும்பு உடையுமா? எலும்பு வார்டில் இருந்த டாக்டரம்மா கெட்டிக்காரி, கட்டுப் போட்டு அனுப்பாமல் ரத்தம் எடுத்தாள், மறுபடி எடுத்தாள், இடுப்பு எலும்பில் ஊசி போட்டு எடுத்தாள். கடைசியில் அவள் புருஷன் சண்முகவேலையும் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்து, ரத்தத்தில் ஒரே ஒரு வகைப் புரதம் மட்டும் எக்கச்சக்கமாக இருக்கிறது, இது எலும்பை அரிக்கிற ரத்தப் புற்றுநோய், கிட்னியையும் தொட ஆரம்பித்திருக்கிறது என்றாள். சண்முகவேல் தன் பெண்டாட்டி பெயரை ஆஸ்பத்திரிச் சீட்டில் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே இருந்தான். எனக்குப் புரதம் என்ற வார்த்தை மட்டும் காதிலேயே நின்றது, ஏனென்றால் அந்த வார்த்தையை நான் உன் வாயால்தான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து பீரோவின் அடித்தட்டில் இருந்து என் நோட்டை எடுத்தேன். அது என்ன நோட்டு என்று வெள்ளிக்கிழமை போனில் முழுசாகச் சொல்லவில்லை. சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் நீ இங்கே வந்து, இந்தப் புகையையும் சாம்பலையும் மூச்சில் இழுக்கிற ஜனங்களுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி எப்படி இருக்கிறது என்று பார்க்கவேண்டும், ரத்தத்தில் இருக்கிற புரதங்களை ஒவ்வொன்றாக அளக்கவேண்டும், அதற்கு நாற்பது பேராவது வேண்டும் அப்பா என்றாய். சமுதாயக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டோம். குழாயில் எண் மட்டும்தான் இருக்கவேண்டும், பெயர் எங்கேயும் இருக்கக்கூடாது, எண்ணுக்கும் பெயருக்கும் சேர்த்து யாரும் எழுதி வைக்கக்கூடாது என்று என்னிடம் மூன்று முறை சொன்னாய். நான் எழுதி வைத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை, இருபத்தெட்டு வருஷப் பழக்கம், கை சும்மா இருக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசில் ஆஸ்பத்திரி லேபில் எண்ணை மட்டும் நம்பி இரண்டு குழாய் மாறிப்போனது உனக்குத் தெரியும், வேறு யாருடைய மஞ்சள் காமாலையோ லியாகத் அலி என்கிற தையல்காரர் தலையில் விழுந்து மனிதர் மூன்று வாரம் உப்பில்லாமல் சாப்பிட்டார். அன்று முதல் எண்ணுக்குப் பக்கத்தில் பெயர் எழுதாமல் ஒரு குழாயையும் நான் கையில் இருந்து விட்டதில்லை. முகாமிலும் பையில் இருந்த நோட்டில் எழுதிவிட்டேன், எழுதினதை உன்னிடம் சொல்லாமல் மறைத்தேன். அது என் தப்பு, அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

நோட்டைப் பிரித்து விரலை வைத்துக் கீழே இறங்கினேன். இசக்கியம்மாள், முப்பத்தொன்று.

முப்பத்தொன்று உனக்கும் தெரிந்த எண்தான். பொங்கலுக்கு வீடியோவில் பேசினபோது உன் கட்டுரை வெளிவந்துவிட்டது என்று ஒரு படத்தைக் காட்டினாய், நினைவிருக்கிறதா. நீலப் புள்ளிகளாக ஒரே கூட்டம், ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஆள் அப்பா என்றாய். கூட்டத்தை விட்டு வலது மூலையில் தன்னந்தனியாக ஒரு புள்ளி, பக்கத்தில் 31 என்று பொடியாக எண். இதுதான் அப்பா ரொம்ப சுவாரசியமானது, இந்த ஒரு ஆளின் ரத்தம் மற்ற எல்லாரையும் விட வித்தியாசம், எங்கள் லேபில் இதற்குத் தீவு என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறோம், என் புரொபசருக்கு இந்தப் படம் ரொம்பப் பிடிக்கும் என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அம்மா தட்டைப் பொங்கலோடு கேமரா முன்னால் நீட்டினாள். எண் கண்ணுக்குத் தெரிந்தது, நோட்டு பத்தடி தூரத்தில் பீரோவில் இருந்தது, எடுத்துப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெருமை கண்ணை மறைத்துவிட்டது. அந்தப் பொங்கலுக்கு இசக்கியம்மாள் முதுகு வலிக்கிறது என்று கடையில் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சாமான் கொடுத்துக்கொண்டிருந்தாள், தெருமுனை டாக்டர் மூட்டை தூக்கின வலி என்று மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு என்ன என்று உலகத்தில் தெரிந்துகொண்டிருக்கக்கூடிய இடம் உங்கள் லேப் ஒன்றுதான். நீங்கள் அதற்குச் செல்லப்பெயர் வைத்தீர்கள்.

போன வெள்ளிக்கிழமை போனில் நான் இதைச் சொன்னதும் நீ சொன்ன பதிலை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், எங்கேயாவது கூட்டிக் குறைத்திருந்தால் சொல். அது ஆராய்ச்சி அப்பா, நோய் கண்டுபிடிக்கிற டெஸ்ட் இல்லை என்றாய். கையெழுத்துப் போட்ட காகிதத்தில் எண் இல்லை, எண் போட்ட குழாயில் பெயர் இல்லை, நாங்களே நினைத்தாலும் யார் என்று கண்டுபிடிக்க முடியாது, அது ஜனங்களைப் பாதுகாக்கத்தான் என்றாய். தனித்தனி ஆளுக்கு முடிவு சொல்லமாட்டோம் என்று காகிதத்திலேயே தமிழில் போட்டிருந்தோம், எல்லாரும் சம்மதித்துத்தானே கையெழுத்துப் போட்டார்கள் என்றாய். இந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் போனை வைத்தேன். எது நோய்க்கு டெஸ்ட், எது ஆராய்ச்சி என்று எனக்குத் தெரியாது, அது போகட்டும். விதி ஜனங்களைப் பாதுகாக்கத்தான் என்கிறாய், அதையும் நம்புகிறேன். ஆனால் சம்மதித்தார்கள் என்று சொன்னாயே, யார் சம்மதித்தது, எதற்குச் சம்மதித்தார்கள்? அந்தக் காகிதத்தை அன்று கூடத்தில் சத்தம் போட்டுப் படித்தவன் நான். அந்த வரி வந்ததும் டில்லிபாபு எழுந்து, இன்னா நைனா, ரத்தத்த குட்த்தா ரிசல்ட்டு வராதான்னு கேட்டான். லாரி ஓட்டுகிறவன், ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்தவன், கேட்பான்தானே. நான் என்ன சொன்னேன்? அதெல்லாம் ஆபீஸ் பாஷைடா, நம்ம பாப்பாதான் எடுக்குது, ரத்தம் கொடுத்தால் ரிப்போர்ட் வரும் என்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் நான் பார்த்தது அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாதவன் ரத்தம் கொடுத்தாலும் மறுநாள் அவன் கையில் ஒரு காகிதம் போகும். காகிதம் போகாமல் ரத்தம் எடுப்பது என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது, சரி. உனக்குத் தெரியும். நீ என் பக்கத்தில் நின்றாய். நான் சொன்னதைக் கேட்டாய். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு பஞ்சு உருட்டினாய். என் அப்பா தப்பாகச் சொல்லிவிட்டார், ரிப்போர்ட் வராது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள், அது உனக்குத் தெரியும். உனக்கு நாற்பது பேர் வேண்டும். நாற்பத்திரண்டு பேர் கிடைத்தார்கள். அவர்கள் காகிதத்தை நம்பிக் கையை நீட்டவில்லை மகிழினி, என் வார்த்தையை நம்பி நீட்டினார்கள், அந்த வார்த்தை பொய் என்று தெரிந்தே நீ அதை வாங்கிக்கொண்டாய்.

முப்பத்தொன்றாவது ஆளைப் பற்றி இன்னொன்றும் ஞாபகப்படுத்துகிறேன். ரத்தம் எடுத்து முடிந்ததும் எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி மாட்டி, குழாய்களை எடுத்துப்போகிற வேன் வரவே இல்லை. பெட்டியில் ஐஸ் எல்லாம் கரைந்து தண்ணியாகிவிட்டது, நீ அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டாய். இசக்கியம்மாள்தான் கடைக்குள்ளே போய், பிரிட்ஜில் இருந்த பால் பாக்கெட், தயிர், கலர் பாட்டில் எல்லாவற்றையும் அள்ளித் தரையில் வைத்துவிட்டு, உள்ள வையி பிள்ள, எதுக்கு மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்க என்றாள். மூன்று மணி நேரம் நாற்பத்திரண்டு பேரின் ரத்தம் அந்தக் கடை பிரிட்ஜில் இருந்தது. அன்று சாயங்காலம் வந்தவர்களுக்கெல்லாம் பால் திரிந்துபோச்சு என்று சொல்லி அனுப்பினான் சண்முகவேல். உன் கட்டுரையின் கடைசியில் நன்றி என்று ஒரு பத்தி இருக்கிறதாம், தம்பி படித்துச் சொன்னான். பணம் கொடுத்தவர்களுக்கு நன்றி, மெஷின் கொடுத்தவர்களுக்கு நன்றி, குளிர்சாதன வசதிக்காக ஒரு நிறுவனத்துக்கு நன்றி. பிரிட்ஜுக்கு நன்றி இல்லை.

தம்பி அதோடு விடாமல் உங்கள் லேபின் ஆட்கள் பக்கத்தையும் எடுத்துக் காட்டினான். பதினொரு பேர், ஆளுக்கொரு போட்டோ, எங்கே பிறந்தார்கள், எங்கே படித்தார்கள், லீவில் என்ன செய்வார்கள் என்று ஆளுக்கு நாலு வரி. ஒருத்தர் மலை ஏறுவாராம், ஒரு அம்மா ரொட்டி சுடுவாராம். படிக்க நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் ஒரு நாய். அதற்கும் போட்டோ, அதற்கும் பெயர், அதற்கும் இரண்டு வரி, மீன் என்றால் உயிராம், கூட்டம் நடந்தால் மேஜைக்கு அடியில் தூங்குமாம். நான் நாயைத் திட்டவில்லை, அது என்ன செய்யும். ஆனால் எங்கள் நாற்பத்திரண்டு பேரைத் தேடிப் பார்த்தேன். வேறொரு பக்கத்தில் இருக்கிறோம், சென்னைத் தொழிற்பகுதி, நாற்பத்திரண்டு மாதிரிகள் என்று. உன்னைப் பற்றி எழுதியிருப்பதையும் தம்பியைத் தமிழில் சொல்லச் சொன்னேன். தந்தை மருத்துவ ஆய்வகத் துறையில் பணியாற்றியவர் என்று இருக்கிறதாம். பொய் இல்லை. ஆனால் துறை என்று நான் எதிலும் பணியாற்றவில்லை. குழாய் கழுவினேன், ரத்தம் சிந்தின தரையைத் துடைத்தேன், மாடிக்கும் கீழுக்கும் ட்ரே தூக்கினேன். ரத்தம் மெஷினில் சுற்றி மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்பதை நீ முதன்முதலில் பார்த்தது நான் துடைத்துவைத்த மேஜையில்தான். அதை அப்படியே எழுதினால் உனக்கு என்ன குறைந்துவிடும்? குழாய் கழுவினவன் மகள் என்று எழுதியிருந்தால், காகிதம் கைக்கு வராமல் எங்கள் ஜனம் கை நீட்டாது என்பதும் உனக்கு மறந்திருக்காது.

இங்கே என் நிலைமையைச் சொல்கிறேன். சண்முகவேலிடம் நானே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நோட்டையும் காட்டினேன். மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது. அவன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கல்லாப் பெட்டியை மூடினான், திறந்தான். இப்போது கடைக்குப் போனால் வாங்கண்ணே என்று சொல்வதில்லை, கேட்டதைப் பொட்டலம் கட்டி வைக்கிறான், முகத்தைப் பார்ப்பதில்லை. இசக்கியம்மாளிடமும் சொன்னேன், ஆஸ்பத்திரியில் கட்டிலில் கிடந்தபடியே, என் ரத்தத்த வெளிநாட்டுல படம் போட்டுல்லா காட்டியிருக்காவ என்று சிரித்துவிட்டு, பிள்ளைய ஏசாதிய அண்ணே, அது சின்னப்பிள்ள, அதுக்கு என்ன தெரியும் என்றாள். எனக்கு வந்த கோபம் அதற்கு முன்னால் வந்ததை எல்லாம் விட அதிகம். உனக்கு முப்பத்து மூன்று வயசு, நீ சின்னப்பிள்ளை இல்லை. அவளை அப்படி மன்னிக்க வைத்தது எனக்குப் பொறுக்கவில்லை. விஷயம் தெருவுக்குப் பரவிவிட்டது. டில்லிபாபு நேற்று டீக்கடையில் எல்லார் எதிரிலும், இன்னா நைனா, எங்க ரத்தத்த எட்த்துகினு போயி இன்னா பண்ணீங்கோ, சர்பத்து போட்டு குட்ச்சிட்டீங்களான்னு கேட்டான், நாலு பேர் சிரித்தார்கள், நான் டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன். சிரிக்காதவர்கள் கேட்டதுதான் கஷ்டம். ரமாபாய் வீட்டுக்கே வந்து, எனுக்கு எதனா கீதா சொல்லுண்ணே, ரெண்டு பொட்டப்புள்ள வெச்சுகினு கீறேன்னு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் எண் என் நோட்டில் இருக்கிறது, முடிவு உன் லேபில் இருக்கிறது.

உன் அம்மா முதலில் என்னோடு சண்டை போட்டாள். புள்ள அங்க தனியா கீது, அது வேலைக்கு உல வெச்சிடாத, அந்த நோட்ட கொளுத்திப் போடு என்றாள். பிறகு இசக்கியம்மாளுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், எழுது, நல்லா ஒறைக்கிற மாரி எழுதுன்னு சொன்னாள். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். உன் வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கும் பயம் இருக்கிறது, நீ அந்த இடத்துக்குப் போக என்ன பாடுபட்டாய் என்று எனக்குத் தெரியாதா. ஆனாலும் சொல்கிறேன். உன் புரொபசரிடம் போ. பெயர்கள் இருக்கின்றன, என் அப்பா எழுதி வைத்திருக்கிறார், அது அவர் தப்பு, அவர் சொன்ன பொய்யை நான் திருத்தாமல் விட்டது என் தப்பு என்று இரண்டையும் சொல். விதி என்றால் அதைப் போட்டவர்கள் யாராவது இருப்பார்கள், அவர்கள் முன்னால் போய் உட்கார்ந்து கேள். இசக்கியம்மாளின் முடிவை இங்கே இருக்கிற டாக்டரம்மாவுக்கு முதலில் அனுப்பு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால் மருந்துக்கு உதவும் என்று அவளே சொன்னாள். இது முதலில் பிடிபட்டிருந்தால் எலும்பு முறியாமல் பார்த்திருக்கலாமா என்று அவளிடம் கேட்டேன். பார்த்திருக்கலாம் என்றாள். இப்போதும் மருந்து இருக்கிறது, ஆரம்பித்துவிட்டார்கள், இனி நாள் கடத்தக்கூடாது.

நோட்டை உனக்கு அனுப்பமாட்டேன். போட்டோ எடுத்து அனுப்பு என்று தம்பியிடம் நீ கேட்டாயாம், அவனுக்கும் கொடுக்கமாட்டேன். அது போனில் ஊர் சுற்றக்கூடிய பொருள் இல்லை என்று உன் விதி சொல்கிறது, அந்த விஷயத்தில் உன் விதி சரி. டிசம்பரில் வருகிறேன் என்றிருக்கிறாய். வா. சாக்லேட், சென்ட்டு என்று ஒன்றும் தூக்கிக்கொண்டு வராதே, அந்த எடைக்கு நாற்பத்திரண்டு காகிதம் கொண்டு வா, தமிழில். ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தால் போதும், ரமாபாய் அன்றைக்காவது தூங்குவாள். நீயும் நானும் வீடு வீடாகப் போய்க் கையில் கொடுப்போம், திட்டுகிறவர்கள் திட்டட்டும், இந்த முறை நீ தலையைக் குனியாமல் நிற்கவேண்டும். கொடுத்து முடித்ததும் நோட்டை உன் கையாலேயே கிழித்துப் போடு, நான் தடுக்கமாட்டேன்.

இவ்வளவு எழுதினதால் அப்பாவுக்கு உன்மேல் அன்பு போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அன்பு இல்லாத இடத்தில் யாருக்கு இவ்வளவு கோபம் வரும். நீ நன்றாக இருக்கவேண்டும், நிமிர்ந்து இருக்கவேண்டும், உன் படிப்பு உன்னை மட்டும் தூக்கிவிட்டதாக ஆகிவிடக்கூடாது, அதுதான் என் ஆசீர்வாதம். அம்மா வாங்கின பனியனைத் தபாலில் அனுப்பவா, நீ வந்து எடுத்துக்கொள்கிறாயா என்று எழுது. இருமல் வந்தால் வெந்நீர் குடி.

இன்னொன்று, மறந்துவிடப் போகிறேன். நோட்டில் நாற்பத்தியொரு பெயர்தான் இருக்கிறது. ஒன்றாம் எண்ணுக்குப் பக்கத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. ஜனங்களுக்குப் பயம் போகட்டும் என்று நான்தான் முதலில் போய் உட்கார்ந்தேன், நர்ஸம்மா ஊசி போட, நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, குழாயில் 1 என்று உன் கையாலேயே எழுதினாய். இதை எழுதி வைக்கவா வேண்டும், என் மகளுக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன். அந்தப் படத்தில் நானும் ஒரு புள்ளி. எங்கே இருக்கிறேன் என்று இந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாளாவது தேடிப் பார்த்தாயா?

இப்படிக்கு,
எண் 1,
எர்ணாவூர்.